பயணத்துக்கு முன் ஒரு பயிற்சி

மும்பை, புனே, சோலாப்பூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் ரயிலில் ஊர் திரும்பும்போது, பெரும்பாலும் ரேணிகுண்டாவைக் கடந்தே வருகின்றனர். தக்காணத்தின் நெடுவழியெல்லாம் கழிந்து, குண்டக்கல்லும் கடப்பையும் பின்னே போய், ரேணிகுண்டா நிலையத்தில் வண்டி நிற்கும்போது, தெலுங்கோடு கலந்து தமிழும் காதில் விழத் தொடங்கும். சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப் பாதையும், கூடூரிலிருந்து காட்பாடிக்குச் செல்லும் பாதையும் சந்திக்கும் இடம் இது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. திருப்பதிக்குரிய விமான நிலையமும் இவ்வூரில்தான் அமைந்திருக்கிறது. 2015 அக்டோபரில் அதன் புதிய கட்டடம் திறக்கப்பட்டது.

ரயிலும் விமானமும் அடுத்தடுத்து இயங்கும் இந்த ஊரில் ஒரு வேறுபாட்டை நாம் எளிதில் காணலாம். ரயிலில் ஏறுபவரிடம் ஆபத்துக் காலத்தில் என்ன செய்யவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. விமானத்தில் ஏறுபவருக்கோ, அது தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சில நிமிஷங்கள் ஒரு செயல்விளக்கம் நடைபெறுகிறது. இடுப்பு வாரை மாட்டுவது எப்படி, மூச்சுக் கவசத்தை அணிவது எப்படி, வெளியேறும் வழிகள் எங்கே உள்ளன என்று பணிப்பெண் கையால் காட்டுகிறார். அவ்வேளையில் பயணிகளுள் ஒருவர் ஜன்னல் வழியே பார்க்கிறார்; ஒருவர் கைப்பேசியை நோக்குகிறார்; ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தமக்காக நடப்பது அது என்ற எண்ணம் பலருக்கு இருப்பதில்லை.

இத்தகைய பயிற்சிக்கு நெடிய வரலாறு உள்ள இடம் கப்பல். பயணிகளின் பாதுகாப்புப் பயிற்சி அங்கேதான் சர்வதேசச் சட்டமாயிற்று. அங்கேதான் இன்று அது பெரிதும் உருமாறியும் வருகிறது. அப்பயிற்சி எவ்வாறு தோன்றியது, எதனால் மாறியது, இன்றைய மாற்றத்தில் நன்மை எவ்வளவு, கவலைக்கு இடம் எவ்வளவு என்பவற்றை நேயர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

கப்பற்பயணம் தமிழருக்குப் புதிதன்று. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களோடு இணைத்தது. நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் அதன் மேல்தளத்தில் பாயை விரித்துக் கடல் கடந்தவர்கள். அதற்குப் பின் அவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல், 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டனர். அந்தத் துயரத்தோடு தமிழகத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நெடுங்காலம் நடந்துவந்த கப்பற் போக்குவரத்தும் முடிவுற்றது.

எனினும் கடல்வழி அடைபட்டுப் போய்விடவில்லை. அந்தமானில் வாழும் தமிழர்கள் சென்னையிலிருந்து இன்றும் கப்பலேறிச் செல்கின்றனர்; பயணம் ஏறத்தாழ மூன்று நாள். 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தும், 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியது. 2023-இல் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைகளுக்கும் சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது. ஆகவே பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்கள், பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு விடுமுறைக்காகக் கப்பலேறும் காலம் மீண்டும் வந்திருக்கிறது. முன்னோர் பிழைப்புக்காக ஏறினர். நாம் பொழுதுபோக்குக்காக ஏறுகிறோம். கடல் மட்டும் அதே கடல்தான்.

பெரிய பயணிகள் கப்பலில் பயிற்சி நடக்கும் முறையைச் சிறிது கூறுவோம். கப்பலில் ஏறியதும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு கூடுமிடம் குறிக்கப்படுகிறது. கப்பற்காரர் இதனை 'மஸ்டர் ஸ்டேஷன்' என்பர். பயணியின் அறைக்கதவின் உட்புறத்திலும், அவரிடம் தரப்படும் அட்டையிலும் அவ்விடத்தின் எண்ணோ எழுத்தோ பொறித்திருக்கும். ஆபத்து நேரின் ஏழு குறுகிய ஒலிகளும், அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் எழும். அதைக் கேட்டவுடன் பயணி தம் கூடுமிடத்துக்குச் சென்று சேரவேண்டும். அங்கே பெயர்களைச் சரிபார்த்து, வராதவர் எவர் என்று அறிவர். மிதவைச் சட்டையை அணியும் முறையைக் காட்டுவர். மின்தூக்கியில் ஏறலாகாது, படிக்கட்டு வழியாகவே வரவேண்டும் என்று அறிவுறுத்துவர். கப்பலைக் கைவிடும் ஆணை பிறக்குமானால், அங்கிருந்தே உயிர்காப்புப் படகுகளுக்கு அழைத்துச் செல்வர்.

கேட்பதற்கு இது மிக எளியது. ஆயினும் இந்த எளிய ஒழுங்கு ஏற்படுவதற்கு எத்தனையோ உயிர்கள் பலியாக வேண்டியிருந்தது.

1912 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, 'டைட்டானிக்' என்ற பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதிய செய்தியை அறியாதார் இலர். அதில் இருந்தவர் ஏறத்தாழ 2,200 பேர். 20 படகுகளில் இருந்த இடமோ 1,178 பேருக்குத்தான். படகு போதாமையால் மக்கள் இறந்தனர் என்று பலரும் சொல்வர். அது உண்மையே. ஆனால் உண்மையின் மற்றொரு பாதியும் உண்டு. இருந்த படகுகளும் நிரம்பவில்லை. 65 பேர் அமரக்கூடிய முதற்படகு, 30 பேர்கூட இல்லாமல் இறக்கப்பட்டது. தப்பியவர் தொகை ஏறத்தாழ 700 மட்டுமே. நானூறுக்கு மேற்பட்டோருக்கான இடம் வீணாயிற்று. எந்தப் படகு எவருக்கு என்று பயணிகளுக்கு முன்னரே வகுத்துச் சொல்லவில்லை. கூடும் பயிற்சியும் அவர்களுக்கு நடத்தப்படவில்லை. பெரிய கப்பலின் வெளிச்சத்தையும் கதகதப்பையும் விட்டு, இருளில் தொங்கும் சிறு படகில் இறங்கப் பலர் தயங்கினர். மரத்தாற் செய்த படகு ஒரு குறை. மனத்தில் இல்லாத பழக்கம் மற்றொரு குறை.

இந்தப் பேரிழப்பின் விளைவாக, 1914-இல் லண்டனில் பல நாடுகள் கூடி, கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையை எழுதின. பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. 1974-இல் எழுதப்பெற்ற உடன்படிக்கையே, தொடர்ந்து செய்யப்படும் திருத்தங்களுடன், இன்று நடைமுறையில் உள்ளது. எல்லோருக்கும் போதிய படகும் மிதவையும் இருத்தல் வேண்டும். பயணிகள் கப்பலில் வாரந்தோறும் ஆபத்துக்காலப் பயிற்சி நடைபெற வேண்டும். மக்கள் கூடியபின், கைவிடும் ஆணை பிறந்து 30 நிமிஷங்களுக்குள் படகுகள் நிரம்பி இறங்கவேண்டும் என்பன போன்ற விதிகள் அதில் அடங்கியுள்ளன.

நம் நாட்டுக் கடலிலும் இத்தகைய பாடம் ஒன்று உண்டு. மும்பைவாழ் அன்பர்கள் அதை அறிந்திருக்கக்கூடும். 1947 ஜூலை 17-ஆம் நாள், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களே இருந்தபோது, 'ராம்தாஸ்' என்ற நீராவிக் கப்பல் மும்பையிலிருந்து ரேவஸ் துறைக்குப் புறப்பட்டது. கடந்து செல்ல வேண்டிய தூரம் சிறிதே. மழைக்காலக் கடலில் அலை மோதிக் கப்பல் ஒருபுறம் சாய்ந்தது. அஞ்சிய மக்கள் ஒரே பக்கமாகத் திரண்டனர், கப்பல் கவிழ்ந்தது. 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் இரட்டைத் தளப் படகொன்று கவிழ்ந்து, 45 சுற்றுலாப் பயணிகள் மாண்டபோதும், கரையிலிருந்த விலங்குகளைக் காண எல்லோரும் ஒரு பக்கம் சேர்ந்ததே காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அங்கே பயணிகள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. அச்சத்தால் ஓடினாலும், ஆசையால் ஓடினாலும், படகுக்குத் தெரிவது பாரம் ஒன்றே. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் இருங்கள் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லி, எல்லோரும் ஒருமுறை கேட்டிருந்தால் என்று நினைக்கும்போது நெஞ்சம் வருந்துகிறது.

பயிற்சி ஏன் வேண்டும், அறிவு போதாதா என்று சிலர் வினவலாம். படித்தவரும் பண்பட்டவரும் ஆபத்து வேளையில் தம் அறிவைப் பயன்படுத்திக்கொள்வர் அன்றோ என்பது அவர்தம் எண்ணம். ஆபத்து வந்த கணத்தில் மனம் புதியதொன்றைச் சிந்திக்க வல்லதாக இருப்பதில்லை. கால் பழகிய வழியில் செல்கிறது. கை பழகிய வேலையைச் செய்கிறது. பழக்கம் ஒன்றும் இல்லாதபோது, கால் நின்றுவிடுகிறது. அல்லது கூட்டம் போகும் திசையில் ஓடுகிறது. நம் வீட்டில் நள்ளிரவில் மின்விளக்கு அணைந்தால், தீப்பெட்டி இருக்கும் இடத்துக்குக் கை தானே போகிறது. அயல் வீட்டில் அவ்வாறு போவதில்லை. கப்பல் நமக்கு அயல் வீடு. அதை ஒரு மணி நேரத்துக்காவது சொந்த வீடாக்கித் தருவதே பயிற்சியின் நோக்கம்.

அரைகுறையாகக் கேட்பதன் தீங்குக்கு விமானப் பயணத்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1996 நவம்பர் 23-இல், கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானமொன்று எரிபொருள் தீர்ந்து, கொமோரோஸ் தீவுக்கருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த 175 பேரில் 125 பேர் மாண்டனர். மிதவைச் சட்டையை அணியவேண்டும் என்று பயணிகள் அறிந்திருந்தனர். விமானத்தை விட்டு வெளியே வந்த பின்னரே அதில் காற்றை நிரப்பவேண்டும் என்ற அடுத்த வாக்கியம் பலர் மனத்தில் பதியவில்லை. உள்ளே இருந்தபடியே காற்றை நிரப்பிக்கொண்டனர். நீர் புகுந்தபோது அச்சட்டையே அவர்களை மேற்கூரையோடு அணைத்து வெளியேற விடாமல் தடுத்தது. காக்க வந்த கருவி அவர்களைச் சிறைப்படுத்திற்று. ரேணிகுண்டா நிலையத்தில் விமானம் ஏறும் பயணி, மலைகளுக்கு மேலே பறக்கும் நமக்குக் கடற்சட்டை எதற்கு என்று எண்ணிக் கண்ணை மூடும்போது, அந்த ஒரு வாக்கியமும் அவரைக் கடந்து போய்விடுகிறது.

இனிக் கப்பல் பயிற்சியை மாற்றிய பெருநிகழ்ச்சிக்கு வருவோம். 2012 ஜனவரி 13-ஆம் நாள் மாலை, 'கோஸ்டா கன்கார்டியா' என்ற உல்லாசக் கப்பல், இத்தாலியில் ரோமாபுரிக்கு அண்மையிலுள்ள சிவிட்டாவெக்கியா துறையிலிருந்து புறப்பட்டது. அதில் 4,200-க்கு மேற்பட்டோர் இருந்தனர். மூன்று மணி நேரத்துக்குள் ஜிக்லியோ என்னும் தீவின் ஓரத்துப் பாறை, அதன் அடிப்புறத்தைக் கிழித்தது. மின்சாரத்தில்தான் கோளாறு என்று முதலில் பயணிகளுக்கு அறிவிக்கப்பட்டது. மோதியதிலிருந்து கப்பலைக் கைவிடும் ஆணை பிறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த கப்பலிலிருந்து படகை இறக்குவது மிக அரிய காரியம். 32 பேர் மாண்டனர்.

அன்று அத்துறையில் ஏறிய சுமார் 700 பயணிகளுக்குக் கூடும் பயிற்சி இன்னும் நடைபெறவில்லை. அது விதியை மீறிய செயலும் அன்று. ஏறிய 24 மணி நேரத்துக்குள் பயிற்சி நடத்தினாற் போதும் என்பதே அக்காலத்து விதி. மறுநாள் நடத்தலாம் என்று வைத்திருந்தனர். ஆபத்து மறுநாள் வரை காத்திருக்கவில்லை. விதியை எழுதியவர்கள், பயணத்தின் முதல் நாள் இரவில் விபத்து வராது என்று கடலோடு ஒப்பந்தம் செய்துகொண்டது போலல்லவா இருக்கிறது!

அக்கப்பலின் பணியாளருள் ஏறத்தாழ 200 பேர் இந்தியர் என்பதையும் நாம் நினைவுகூர வேண்டும். இறந்தவருள் மும்பையைச் சேர்ந்த பணியாளர் ஒருவரும் இருந்தார். தம் மிதவைச் சட்டையை மற்றொருவருக்கு அளித்துவிட்டார் என்று செய்தித்தாள்கள் அவரைப் பற்றி எழுதின. எல்லோருக்கும் கடைசியாக, 2014-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவருடைய உடல் கிடைத்தது. பயணிகளைக் காப்பதற்காக நம் நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உலகக் கப்பல்களில் பணி செய்கின்றனர். பயிற்சியை ஏளனமாக எண்ணிக் கூடுமிடத்துக்கு வராத பயணியைத் தேடி, ஆபத்து வேளையில் அறை அறையாகத் தட்டி ஓடவேண்டியவர்கள் அவர்களே. நாம் சோம்பியிருப்பதன் விலையைச் சில வேளைகளில் வேறொருவர் கொடுக்கிறார்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் உல்லாசக் கப்பல் நிறுவனங்கள், புறப்படுவதற்கு முன்பே பயிற்சியை நடத்துவது என்று தாமாகவே முடிவு செய்தன. 2013-இல் சர்வதேச உடன்படிக்கையும் திருத்தப்பட்டது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ பயணிகளைக் கூட்டிப் பயிற்சி தரவேண்டும் என்பது சட்டமாயிற்று. '24 மணி நேரத்துக்குள்' என்ற பழைய சொற்கள் நீங்கின. சில சொற்களின் மாற்றந்தான். அதற்கு விலையாகக் கொடுத்தவை உயிர்கள்.

அடுத்த மாற்றம் 2020-இல் வந்தது. உலகெங்கும் கோவிட் நோய் பரவிய காலம் அது. ஆயிரக்கணக்கானோரை ஒரே இடத்தில் நெருக்கமாக நிறுத்துவதே ஆபத்தாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் 'ராயல் கரிபியன்' நிறுவனம் ஒரு புதிய முறையை அறிவித்தது. அதன்படி பயணி தம் கைப்பேசியிலோ, அறையிலுள்ள தொலைக்காட்சியிலோ பாதுகாப்புப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். எச்சரிக்கை ஒலியையும் அதிலேயே கேட்கலாம். பின்னர்த் தமக்கு வசதியான நேரத்தில் கூடுமிடத்துக்குத் தனியாகச் சென்று, அங்குள்ள பணியாளரிடம் தம் அட்டையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். புறப்படுவதற்குள் இது முடியவேண்டும். பிற நிறுவனங்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின. நோயின் அச்சம் நீங்கிய பின், சில நிறுவனங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டும் பழைய முறைக்கே திரும்பின. பல நிறுவனங்கள் புதிய முறையிலேயே தொடர்கின்றன.

புதிய முறைக்கு நன்மை இல்லை என்று சொல்லமாட்டோம். பழைய முறையில் வெயிலில் அரைமணி நேரம் நின்று, முன்னே நிற்பவரின் முதுகை மட்டும் கண்டு திரும்பியவர் பலர். முதியோருக்கு அது துன்பம். கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அதைவிடத் துன்பம். மைக்கில் பேசுபவரின் சொல் காற்றிலே போய்விடும். புதிய முறையிலோ, படத்தை நிதானமாகப் பார்க்கலாம். புரியாவிடில் மீண்டும் பார்க்கலாம். கூடுமிடத்தில் பணியாளரிடம் தனியே ஐயம் கேட்கலாம். எவர் வந்தார், எவர் வரவில்லை என்ற கணக்கும் உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது.

ஆயினும் இழப்பும் உண்டு. படம் ஓடிக்கொண்டிருக்க, பயணி பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கிக்கொண்டிருக்கலாம். ஓடி முடிந்தது என்பது இயந்திரத்துக்குத் தெரியும். பார்க்கப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது. அன்றியும், ஆளில்லாத நடையில் தனியே உலாவிக் கூடுமிடத்தைக் காண்பது வேறு; ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் அந்தப் படிக்கட்டில் இறங்குவது வேறு. கூட்டத்தில் எப்படி நடப்பது, முன்னே செல்லும் கிழவருக்கு எப்படி வழிவிடுவது, குழந்தையின் கையை எப்படிப் பற்றிக்கொள்வது என்பவற்றைக் கைப்பேசி கற்றுத்தர முடியாது. பணியாளருக்கும் அந்தக் கூட்டத்தை நடத்திப் பார்க்கும் பழக்கம் குறைந்துவிடும். ஆகவே, படம் பார்ப்பதைச் சுருக்கினாலும் சுருக்கலாம். தம் அறையிலிருந்து கூடுமிடம் வரை சொந்தக் காலால் நடக்கும் அந்த நடையை மட்டும் ஒருபோதும் விடலாகாது என்பது நம் கருத்து. முழுப் பயிற்சியின் உயிர் அந்த நடையில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பயிற்சி என்பது வெறும் கீழ்ப்படிதல் அன்று. 2014 ஏப்ரல் 16-இல் தென்கொரியாவில் 'சேவோல்' என்ற கப்பல் கவிழ்ந்தது. இறந்தவர் 304 பேர். அவருள் பெரும்பாலோர் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர்கள். கப்பல் சாய்ந்துகொண்டிருந்தபோது, இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்லிற்று. மாணவர்கள் கீழ்ப்படிந்தனர். கூடுமிடம் எங்கே, வெளித்தளத்துக்கு வழி எது, அங்கே செல்லவேண்டிய வேளை எது என்பவற்றைப் பயணி தாமே அறிந்திருப்பாரானால், தவறான சொல்லையும் ஓரளவு எடை போட்டுப் பார்க்க முடியும். அறியாதவருக்கு ஒலிபெருக்கி ஒன்றே கதி. நல்ல பயிற்சி பயணிக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பதை அச்சம்பவம் உலகுக்கு உணர்த்திற்று.

காரணம் விளங்கவேண்டுமாயின், மொழி விளங்கவேண்டும். பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இது நெருங்கிய கேள்வி. நாம் வெளியூரில் பல்லாண்டு வாழ்ந்து, இந்தியோ மராத்தியோ தெலுங்கோ கன்னடமோ பழகிவிட்டோம். ஆனால் ஊரிலிருந்து நம்மைப் பார்க்க வரும் அன்னைக்கோ, மாமனாருக்கோ அம்மொழிகள் தெரியமாட்டா. விமானத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒலிக்கும் அறிவிப்பு அவர்களுக்கு வெறும் ஓசை. ரேணிகுண்டாவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரே வீட்டில் தெலுங்கும் தமிழும் பேசுவோர் உண்டு. அவர்கள் வீட்டுப் பெரியோரை முதன்முறையாக விமானத்திலோ கப்பலிலோ அழைத்துச் செல்லும்போது, அறிவிப்பைத் தம் மொழியில் சொல்லித்தருவது அறிவிப்பவரின் கடமையாக மட்டும் இருத்தல் இயலாது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகனும் மகளுமே மொழிபெயர்ப்பாளராக வேண்டும். "அம்மா, இந்தச் சட்டையை இப்படி மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பிறகுதான் இந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். நம் இருக்கையிலிருந்து கதவு ஐந்தாவது வரிசை" என்று மூன்று வாக்கியம் சொன்னாற் போதும். அவர் கையாலேயே ஒருமுறை தொட்டுப் பார்க்கச் செய்தால் இன்னும் நலம்.

உல்லாசக் கப்பல்களில் இப்பாதுகாப்புப் படங்களைப் பல மொழிகளில் காட்டுகின்றனர். சென்னையிலிருந்து புறப்படும் கப்பல்களில் தமிழிலும் அவை அமையவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. உணவு விடுதியில் இட்லி கிடைக்குமா என்று வினவுகிறோம். உயிரைக் காக்கும் அறிவிப்பு நம் மொழியில் உண்டா என்றும் வினவலாம் அல்லவா?

பெரிய கப்பலுக்காவது சர்வதேசச் சட்டம் இருக்கிறது. ஆற்றிலும் ஏரியிலும் விரிகுடாவிலும் ஓடும் சிறு படகுகளின் நிலை என்ன? 2019 செப்டம்பர் 15-இல், ஆந்திர மாநிலத்தில், பாபிகொண்டலு மலைக்காட்சியைக் காணச் சென்ற சுற்றுலாப் படகு, கச்சுலூரு அருகே கோதாவரி வெள்ளத்தில் கவிழ்ந்தது. தப்பியவர் 26 பேர். அவருள் பலர் மிதவைச் சட்டை அணிந்திருந்தவர். 2024 டிசம்பர் 18-இல், மும்பை 'கேட்வே'யிலிருந்து எலிபெண்டா தீவுக்குச் சென்ற 'நீல்கமல்' படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிற்று. 15 பேர் மாண்டனர். அதன் பின்னரே அங்கே பயணிகள் எல்லோரும் மிதவைச் சட்டை அணிவது கட்டாயமாக்கப்பட்டது. எலிபெண்டாவுக்குப் போவது ஒரு மணி நேரப் பயணந்தான் என்று எண்ணுவோர் பலர். 'ராம்தாஸ்' போன தூரமும் அதைப்போன்றதே என்பதை அவர்கள் மறக்கலாகாது.

இத்தகைய படகுகளில் எவரும் நமக்குப் பயிற்சி தரமாட்டார். ஆகவே நாமே அதை நடத்திக்கொள்ள வேண்டும். அளவுக்கு மேல் ஆள் ஏறியிருந்தால், நாம் ஏறாமல் நின்றுவிட வேண்டும். மிதவைச் சட்டை கேட்டு வாங்கி, அதன் வார்களை இறுகக் கட்டி, இறங்கும்வரை கழற்றாதிருக்க வேண்டும். சட்டையைத் தலையணையாக வைத்துக்கொள்வதும், இருக்கையின்கீழ்ப் போட்டுவைப்பதும் இல்லாததற்கு ஒப்பாகும். குழந்தைக்குக் குழந்தை அளவுச் சட்டையே வேண்டும். பெரியவர் சட்டையிலிருந்து சிறு உடல் நழுவிவிடும். காட்சியைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழும்போது, நாம் அமர்ந்திருக்க வேண்டும். மற்றவரையும் அமரச் சொல்ல வேண்டும்.

ரயிலுக்கும் இது பொருந்தும். நீண்ட பயணத்தில், வண்டி கிளம்பியதும் உணவுப் பொட்டலத்தை அவிழ்ப்பதற்கு முன் இரண்டு நிமிஷம் ஒதுக்கலாம். நம் பெட்டியின் இரு கதவுகளும் எத்தனை இருக்கைக்கு அப்பால் உள்ளன, சிவப்பு நிறத்தால் குறித்துள்ள அவசர ஜன்னல் எது, தீயணைக்கும் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று வீட்டுக் குழந்தைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அவர்களுக்கு அது விளையாட்டு. நமக்கு அது பயிற்சி. புகை சூழ்ந்த இருட்டில் கண்ணால் கதவைத் தேட முடியாது. விரலால் இருக்கைகளை எண்ணிக்கொண்டே போகலாம். பகலில் எண்ணி வைத்திருந்தால்தான் இரவில் அந்த எண் உதவும்.

இவ்வாறெல்லாம் ஆபத்தையே நினைத்துக்கொண்டு பயணம் செய்தால், பயணத்தின் இன்பம் கெட்டுவிடாதா என்று நேயர்களுள் சிலர் எண்ணலாம். பயிற்சியின் பயன் அதற்கு நேர்மாறானது. வழி அறியாதவன் மனத்தின் மூலையில் எப்போதும் ஓர் அச்சம் ஒளிந்திருக்கிறது. காற்று சிறிது பலமாக வீசினாலும் அது தலைநீட்டுகிறது. வழியை ஒருமுறை நடந்து பார்த்தவனோ, அதை மறந்துவிட்டுக் கடலைப் பார்க்கலாம். கதவைத் தாழிட்டுவிட்டோம் என்று அறிந்தவர் நிம்மதியாக உறங்குவதைப் போன்றது அது.

கடலில் உலக நாடுகள் நூறாண்டுக்கு மேலாகக் கற்றுவரும் பாடத்தைச் சுருக்கிச் சொல்வதானால் இவ்வளவுதான். பயிற்சி பயணத்துக்கு முன்னே நடைபெறவேண்டும். புரியும் மொழியில் நடைபெறவேண்டும். சொந்தக் காலும் கையும் அதில் ஈடுபடவேண்டும். கருவி மாறலாம், மேல்தளத்தில் கூட்டிய கூட்டம் கைப்பேசித் திரைக்குள் அடங்கலாம். இம்மூன்றும் குறையாதவரை மாற்றத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், எவ்வளவு புதிய கருவியும் நம்மைக் காக்காது. அடுத்த முறை நேயர்கள் விமானத்திலோ கப்பலிலோ ஏறும்போது, அந்தச் சில நிமிஷங்களை அருகிலிருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் தம் தாய்மொழியில் எடுத்துச் சொல்வதற்குச் செலவிடுவார்களாக.